வருசச் சாமானும் ஒரு தவசக்குழியும்

போன மாசி மாசம் களத்துல துவரை அடிச்சு, மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாசல்ல திரும்பறப்போ டிராக்டரோட பின்சக்கரம் பொதுக்குனு உள்ள இறங்கிப்போச்சு. எலி வளையா இருக்கும்னு நெனச்சு மம்பட்டியால நாலு கொத்து கொத்தினா, கீழ ஒரு பலகைக்கல்லு. கல்லுக்குக் கீழ இருட்டு. எங்க அப்பாரு காலத்துத் தவசக்குழி அது.

பொறந்ததுல இருந்து அந்த வாசல்லதான் நடக்கறேன். குழி இருந்ததுன்னு கேள்விப்பட்டிருக்கேன், எப்பவோ தூர்த்துட்டாங்கன்னுதான் நெனச்சிருந்தேன். வாயை மட்டும்தான் மூடியிருக்காங்க.

அன்னைக்கு ராத்திரி சென்னையில இருந்து அக்கா மக போன் பண்ணினா. "மாமா, புளி இப்பவே வாங்கி வச்சுக்கட்டுமா, இல்ல தீபாவளி ஆஃபர்ல பார்த்துக்கலாமா?" புளிக்குத் தீபாவளி ஆஃபரான்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சப்போ, வாசல்ல வாயைப் பொளந்துட்டுக் கிடக்கிற குழியில இருந்துதான் ஆரம்பிக்க வேண்டியதா இருந்துச்சு. அவகிட்டச் சொன்னதையும், சொல்லாம விட்டதையும் சேர்த்து இங்க எழுதறேன்.

தவசம்னா எங்க கொங்குப் பக்கம் தானியம். சோளம், கம்பு, ராகி எல்லாமே தவசம்தான். குழி மேல ஒரு ஆள் இறங்கற அளவுக்குக் குறுகலா இருக்கும், உள்ள போகப் போக அகலமாயிரும். சுவத்துக்குக் களிமண்ணும் சாணியும் பூசி, சுத்தியும் தட்டு வச்சு, நடுவுல சோளத்தைக் கொட்டி, மேல கல்லைப் போட்டு மண்ணால மெழுகிடுவாங்க. காத்து போகாது, பூச்சியும் உயிரோட இருக்காது. திறக்கற அன்னைக்கு யாரும் உடனே உள்ள இறங்கக்கூடாது. ஒரு நாள் பூரா திறந்து போட்டு, அப்புறம் அரிக்கேன் விளக்கைக் கயித்துல கட்டி இறக்கிப் பார்ப்பாங்க. விளக்கு அணைஞ்சா இன்னொரு நாள் காத்திருக்கணும். குழிச்சோளத்துக்குன்னு ஒரு வாசம் உண்டுன்னு எங்க அப்பா சொல்வார். நான் அதைச் சாப்பிட்டதில்ல.

மானாவாரி பூமிக்காரங்க வருசம் பூராவும் சாப்பிடற முக்கியமான சாமான் அந்தக் குழியில இருந்துச்சு. மீதிச் சாமான்கள் வீட்டுக்குள்ள: குதிர், மொடா, சாடி, அட்டாலி மேல பானை வரிசை. இது எல்லாத்தையும் நிரப்பற பொறுப்பு எங்க ஆத்தாவோடது. (எங்க பக்கம் அப்பாவோட அம்மாவை ஆத்தான்னுதான் கூப்பிடுவோம்.) ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா எந்த மாசம் எது வீட்டுக்குள்ள வரணும்னு அவங்க கிட்ட ஒரு கணக்கு இருந்துச்சு, அது தப்பி நான் பார்த்ததில்ல.

தை பொறந்தா துவரை. ஆடிப் பட்டத்துல போட்ட துவரை தை, மாசியில அறுப்புக்கு வரும். தண்ணில நனைச்சு, செம்மண் கட்டி, வெயில்ல காய வச்சுத்தான் உள்ள போகும். பச்சை நாத்தமெல்லாம் போய் பருப்பு நல்லா வேகும், வண்டும் அண்டாது. மாசியில மல்லி. தெக்க விருதுநகர், தூத்துக்குடி கரிசக்காட்டுல ஐப்பசி மழைக்கு விதைச்ச மல்லி அப்பத்தான் அறுத்து வரும். மஞ்சள் எங்க ஊர்ப்பக்கத்துச் சரக்கு. வைகாசி, ஆனியில நட்டா ஒன்பது பத்து மாசம் மண்ணுக்குள்ள கிடந்து, தையில இருந்து பங்குனி வரைக்கும் வெட்டி வேக வச்சுட்டு இருப்பாங்க. மாசி கடைசியில புளி உலுக்குவாங்க. மிளகாய் அதே சமயம் ராமநாதபுரம் பக்கத்துல இருந்து வர ஆரம்பிக்கும், பங்குனி சித்திரையில குவியும்.

சித்திரை வெயிலுக்கு வடகம். அப்பத்தான் உப்பும் வாங்கணும். தூத்துக்குடியிலயும் வேதாரண்யத்துலயும் மாசி வாக்குல உப்பு வார ஆரம்பிச்சா, வடகிழக்குப் பருவமழை வர்ற வரைக்கும்தான் ஓடும். மழைக்காலத்துல பாத்தியெல்லாம் தண்ணி. கருப்பட்டியும் அப்படித்தான், பதநீர் இறங்கற கோடை மாசங்கள்ல வாங்கினாத்தான் உண்டு. வைகாசிக்குள்ள ஊறுகாய் சாடிக்குள்ள போயிரும், ஆனிக் காத்து கிளம்பறதுக்குள்ள கூரைக்கு ஓலை மாத்திருவாங்க.

ஆடியில ஒண்ணும் வாங்கமாட்டாங்க. கையில இருக்கிற காசெல்லாம் விதையாவும் எருவாவும் மண்ணுக்குள்ள போயிருக்கும். டவுன்ல ஆடித் தள்ளுபடின்னு துணிக்கடையில தள்ளுமுள்ளு நடக்குதுல்ல, அதுக்குப் பின்னால இருக்கிற கதை இதுதான். ஆடியில கல்யாணம் கிடையாது, குடியானவன் கையில காசும் கிடையாது, கடைக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். இருக்கிற சரக்கைக் கொறச்சுக் குடுத்தாவது தள்ளினாத்தான் தீபாவளிக்குப் புதுச்சரக்கு இறக்க முடியும். இன்னைக்குச் சம்பளக்காரங்களுக்குன்னே அந்த மாசத்துக்குத் தனியா சரக்கு வரவழைக்கறாங்கன்னு சொல்றாங்க, அது வேற கதை.

இந்தக் கணக்கைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணும்? பாட்டிமார்கள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமா இருந்திருக்காங்கன்னு தோணும். எனக்கும் ரொம்ப நாளா அப்படித்தான் தோணிச்சு. ஆனா இந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு, அது பாட்டிகளோட தப்பில்ல.

விளையற மாசத்துல விலை குறைவு, விளையாத மாசத்துல விலை ஜாஸ்தி. இது ஊர்ல ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். அப்ப எல்லாரும் மாசியிலயே வாங்கி வச்சுக்க வேண்டியதுதானே? வாங்கணும்னா மாசியில கையில காசு இருக்கணும். வாங்கினதை வைக்க நனையாத வீடு இருக்கணும். ஊர்ல பாதிப்பேருக்கு இந்த ரெண்டும் கிடையாது.

நெலம் வச்சிருந்தவங்களுக்கே இது பெரிய இழுபறியா இருந்திருக்கு. 1799ல திப்பு சுல்தான் விழுந்ததும் கோயமுத்தூர்ச் சீமை கம்பெனி கைக்குப் போச்சு. 1820ல தாமஸ் மன்றோ மதராஸ் கவர்னரா வந்ததும் ரயத்துவாரி மாகாணத்துல பரவலாச்சு. ஒவ்வொரு குடியானவனும் நேரா சர்க்காருக்குக் கிஸ்தி கட்டணும், அதுவும் பணமா. கிஸ்தித் தவணை அறுவடையை ஒட்டியே வரும். சர்க்கார் பக்கம் பார்த்தா அது நியாயம்தான், வேற எப்ப இவன்கிட்டப் பணம் இருக்கப்போகுது? ஆனா ஊர்ல அத்தனை பேரும் ஒரே சமயத்துல பணத்துக்காகத் தவசத்தை வித்தா விலை என்னாகும்? தையில வித்தவனே ஆடிக்கு மேல அதே தவசத்தை வாங்கப் போய் நிப்பான். அப்பக் காசு இருக்காது, வட்டிக்கு வாங்குவான். வட்டியை அடுத்த தையில தவசமாக் குடுப்பான். பாதி வருசம் விக்கிறவன், பாதி வருசம் வாங்கறவன், ரெண்டு பக்கமும் நட்டம் அவனுக்குத்தான்.

இதை உட்கார்ந்து யோசிச்ச ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பிரெடரிக் நிக்கல்சன். 1887ல வந்த கோயமுத்தூர் மாவட்டக் கையேடு அவர் எழுதினதுதான். அப்புறம் குடியானவங்க கடனுக்கு என்ன வழின்னு பார்த்துட்டு வர மதராஸ் சர்க்கார் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பிச்சு. 1895லயும் 1897லயும் ரெண்டு பாகமா அறிக்கை குடுத்தார். ஜெர்மனியில ரைஃபைசன்னு ஒருத்தர் கிராமம் கிராமமா கடன் சங்கம் வச்ச மாதிரி இங்கயும் ஆளைத் தேடுங்கன்னு சொன்னார். 1904ல கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்துச்சு, அந்த வருசமே செங்கல்பட்டு ஜில்லா திரூர்ல சங்கம் ஆரம்பிச்சாங்க. எங்க ஊர்ப்பக்கம் 1936ல திருப்பூர்ல ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வந்துச்சு, 1933ம் வருசச் சட்டத்தின்படி மாகாணத்துல வந்த முதல் கூடம் அது. பின்னாடி இந்த மாதிரிக் கூடங்கள்ல பொருளீட்டுக் கடன் வந்துச்சு: சரக்கைக் கிடங்குல வச்சுட்டு அது பேர்ல கடன் வாங்கிக்கலாம், விலை வர்றப்போ வித்துக்கலாம். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, அறுவடை சமயத்துல விக்க வேண்டிய கட்டாயத்தை எப்படித் தள்ளிப்போடறதுங்கற ஒரே கேள்விக்குத்தான் இத்தனை சட்டமும் கட்டடமும்.

உப்புக் கதை இன்னும் மோசம். 1805ல இருந்து மதராஸ் மாகாணத்துல உப்பு கம்பெனியோட ஏகபோகம். விலைக்குள்ளயே வரியும் சேர்ந்திருக்கும். எந்த மாசம் வாங்கினா என்ன, வரி வரிதான். சங்கப் பாட்டுகள்ல உமணர் வண்டி கட்டிட்டு வந்து நெல்லுக்கு உப்பு மாத்தறது வருதே, அந்தப் பழைய மாத்து இதுல நசுங்கிப்போச்சு. 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது சித்திரை மாசம். உப்பு நல்லா விளையற மாசம்தான். வரி 1947லதான் போச்சு.

யுத்தகாலத்தைப் பத்தி எங்க அப்பாரு சொன்ன ஒண்ணு இந்தக் குழியோட சம்பந்தப்பட்டது. 1942ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சதும் அங்க இருந்து வர்ற அரிசி நின்னுபோச்சு. ரேஷன் வந்துச்சு, குடியானவங்க கிட்டக் கட்டாயக் கொள்முதல் வந்துச்சு. வீட்டுல இத்தனைக்கு மேல வைக்கக்கூடாதுன்னு கணக்கு. அதிகாரிங்க ஊருக்குள்ள வர்றாங்கன்னு தெரிஞ்சா, குழிவாய் மேல மாட்டைக் கட்டி, சாணியைப் பரப்பிடுவாங்களாம். "எங்க சோளத்தை நாங்களே திருட்டுத்தனமாத் தின்னோம்"னு அப்பாரு சொல்வார். 1952 ஜூன்ல முதலமைச்சரா இருந்த ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தப்போ, எங்க ஊர்ல குழியைப் பகல்ல திறந்தாங்களாம். அதைக் கொண்டாட்டமாச் சொல்வார். ஆனா, வைக்க ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு அந்த ரேஷன் என்னவா இருந்திருக்கும்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல.

இனி எங்க வீட்டுக் கதை. 1983ன்னு நெனக்கிறேன், நான் எட்டாவது படிச்சிட்டு இருந்தேன். அதுக்கு முந்தின வருசம் மழை சரியில்ல. கிணத்துல கல்லு தெரிஞ்சுது. பெரியக்கா கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்கு ஆள் வந்து திண்ணையில உட்கார்ந்துட்டார். தையில வந்த கொஞ்சத் துவரையை அப்படியே வண்டியேத்தி அனுப்பிட்டார் அப்பா. ஆத்தா ஒண்ணும் சொல்லல. செம்மண் குழைக்க எடுத்து வச்சிருந்த சட்டியைக் கவுத்து வச்சாங்க, அவ்வளவுதான்.

ஐப்பசியில வீட்டுல பருப்பு தீர்ந்துபோச்சு. அதுவரைக்கும் எங்க வீட்டுல துவரம்பருப்பைக் கடையில வாங்கினதே கிடையாது. ஆத்தா என்னைக் கூட்டிட்டுப் பொழுதோட, இருட்டுக் கட்டின பின்னாடி, கடைக்குப் போனாங்க. பகல்ல போனா ஊரு பார்க்கும். கடையில ஏற்கெனவே ஒருத்தர் நின்னிட்டு இருந்தாங்க. எங்க பண்ணையத்துல வேலை பார்த்த குடும்பத்து அம்மா. வயசுல எங்க அம்மாவை விட மூத்தவங்க. அந்தக் காலத்துல நாங்க சின்னப்பசங்க கூட அவங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். இப்ப அதை எழுதவே கூச்சமா இருக்கு. கால்படி பருப்புக்குச் சில்லறையை எண்ணிட்டு இருந்தவங்க, திரும்பிப் பார்த்தாங்க.

"ஏனுங்க ஆத்தா, நீங்களுமுங்களா?"

ஆத்தா ஒரு படி வாங்கினாங்க. நாங்க தையில வித்த விலையைப் போல ஒண்ணரை மடங்குக்கு மேல இருந்துச்சு. வர்ற வழியில வேலி ஓரமா நின்னு அந்த அம்மாவோட பேசினாங்க. எனக்குப் பாதிதான் ஞாபகம். "உனக்கு வருசா வருசம் இப்படித்தானா?"ன்னு ஆத்தா கேட்டாங்க. அதுக்கு அந்த அம்மா சொன்னது நல்லா ஞாபகமிருக்கு. "எங்களுக்கு எப்பவும் ஐப்பசிதானுங்க. மாசியில வெலை கொறச்சல்னு எங்களுக்கும் தெரியுமுங்க. கையில காசு வரோணுமில்லைங்களா."

பண்ணையத்துல அவங்களுக்கு மாசம் இத்தனை வள்ளம்னு தவசம் அளந்து போடுவோம். எங்க வீட்டு வள்ளத்துக்கு நாலு படி. பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் அவங்க காசு குடுத்து வாங்கணும், அதுவும் அன்னன்னைக்கு. முடியாதப்போ எங்க வீட்டுலயே கடனா வாங்குவாங்க, அறுவடையில கழிச்சுக்குவோம். அப்ப ஐப்பசி விலைக்குக் கழிப்போமா, மாசி விலைக்கான்னு நான் பெரியவனான பிறகுதான் யோசிச்சேன். அப்பாவைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "குடுத்தன்னைக்கு என்ன வெலையோ அதுதான்"னார்.

அந்த அம்மா அன்னைக்கு ஒரு யோசனை சொன்னாங்க. ஐப்பசியில கடனாக் குடுக்கிற துவரையை மாசியிலயே கூலியில பிடிச்சுக் குடுத்துருங்கன்னு. அப்பாரு அதுக்கு ஒத்துக்கல. "மொத்தமாக் குடுத்தா வித்துப்போடுவாங்க, அப்புறம் மறுபடியும் நம்ம வாசல்லதான் வந்து நிப்பாங்க"ன்னார். நாங்களும் அந்தத் தையில அதையேதான் பண்ணியிருந்தோம்னு யாரும் அவர்கிட்டச் சொல்லல. அடுத்த மாசியில ஆத்தா அவரைக் கேக்காமலே ரெண்டு வள்ளம் துவரை அளந்து குடுத்தாங்க. ஆனா அதை வைக்க அவங்களுக்கு இடமில்ல. ஓலைக் கூரை, ஒத்தை அறை, மழை வந்தா தரையில ஈரம் ஏறும். கடைசியில அவங்க பானை எங்க வீட்டு அட்டாலியில ஏறிச்சு. வாயில துணியைக் கட்டி, அவங்களே ஒரு முடிச்சுப் போட்டு வச்சாங்க. வேணுங்கறப்போ வந்து, திண்ணைக்கு வெளியவே நின்னு, ஆத்தாவை எடுத்துத் தரச் சொல்லி வாங்கிட்டுப் போவாங்க. அவங்க பருப்பு எங்க வீட்டுக்குள்ள இருந்துச்சு, அவங்களுக்கு உள்ள வர உரிமை இல்ல. ஆத்தா பண்ணின நல்லதையும் இதையும் நான் ஒண்ணாவேதான் நெனச்சுப் பார்க்க வேண்டியிருக்கு.

ரேஷன் கடையைக் குறை சொல்றவங்களைப் பார்த்தா எனக்கு இந்தப் பானைதான் ஞாபகம் வரும். 1967ல அண்ணா ஆட்சியில சென்னையிலயும் கோவையிலயும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட ஆரம்பிச்சாங்க. 1972ல நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்துச்சு. 2007ல இருந்து துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவா, 2011 ஜூன்ல இருந்து அரிசி விலையில்லாம. தை ஆனாலும் ஐப்பசி ஆனாலும் அங்க ஒரே விலை. வருசச் சாமான் வாங்கற வசதி இல்லாதவங்களுக்கு, அரசாங்கமே ஒரு பெரிய குதிர் வச்சு மாசாமாசம் அளந்து போடற மாதிரி. அரிசியில எடை குறையும், பருப்பு சில மாசம் வராது, எல்லாம் உண்மைதான். ஆனா எங்க ஊர்ல ஐப்பசியில இருட்டுக் கட்டின பின்னாடி கடைக்குப் போற ஆளுங்க அதுக்கப்புறம் குறைஞ்சுபோனாங்க.

எங்க குழியும் அதே காலத்துலதான் மூடியிருக்கும். சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினோம், பருத்தி போட்டோம், விளைஞ்சதை விளைஞ்சன்னைக்கே வித்தோம். வீட்டுல வைக்கிற பழக்கம் போனதும், வைக்கிற வேலை வேற ஆளுக்குப் போயிருச்சு. இப்ப மிளகாயும் புளியும் குளிர்பதனக் கிடங்குல தூங்குது. மாசிக்கும் ஐப்பசிக்கும் நடுவுல இருக்கிற விலை வித்தியாசம் முன்னாடி வீட்டுப் பானைக்குள்ள மிச்சமாச்சு, இப்பக் கிடங்கு வச்சிருக்கிறவருக்குப் போகுது. அவரும் வாடகை, கரண்டு, வட்டின்னு செலவு பண்ணித்தான் வைக்கறார். ஆனா அந்த வித்தியாசத்துல விளைவிச்சவனுக்கும் சாப்பிடறவங்களுக்கும் பங்கு இல்ல.

மாசக்கணக்கு இப்ப முன்ன மாதிரி நேராவும் ஓடறதில்ல. துவரை மியான்மர்ல இருந்து வருது, ஆப்பிரிக்காவுல மொசாம்பிக், தான்சானியாவுல இருந்து வருது. அந்த ஊர் அறுவடை நம்ம ஆவணி, புரட்டாசி பக்கம். அதனால சில வருசம் ஐப்பசியில விலை ஏறறதில்ல. சில வருசம் ஏறினா பேயாட்டம் ஏறும். 2015 ஐப்பசியில துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய்க்குப் போச்சு, உங்களுக்கும் ஞாபகமிருக்கும். அந்த விலையைப் பார்த்து நாடு பூரா துவரை போட்டாங்க. 2017 மாசியில ஆதார விலை குவிண்டாலுக்கு 5,050 ரூபாய், சந்தையில அதுக்கும் கீழதான் கேட்டாங்க. எங்க பக்கம் அந்த வருசம் மழையே இல்ல, தமிழ்நாடு பூராவையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்ச வருசம். விளைஞ்சவனுக்கு விலை இல்ல, எங்களுக்கு விளைச்சலே இல்ல. வெங்காயமும் அப்படித்தான். 2019 கார்த்திகையில கிலோ 100 ரூபாயைத் தாண்டினப்போ, தோட்டத்துல பட்டறை போட்டு வச்சிருந்த ஒண்ணு ரெண்டு பேர் கடனை அடைச்சாங்க. மீதிப்பேர் முன்னாடியே வித்திருந்தோம்.

இருந்தாலும் புளி, மிளகாய், மல்லி, மஞ்சள் இந்த நாலுக்கும் ஆத்தா கணக்கு இன்னைக்கும் பெரும்பாலும் சரியாத்தான் வருது. அக்கா மககிட்டச் சொன்னது இதுதான். புளியைப் பங்குனிக்குள்ள வாங்கு. கொட்டையும் நாரும் எடுத்ததா பாரு, ரெண்டு வெயில் காட்டு, கல்லுப்பு தூவி, மண் சாடியிலோ கண்ணாடி ஜாடியிலோ அழுத்தி வை. எவர்சில்வர் டப்பா வேண்டாம், புளி அதைத் தின்னுரும். மிளகாயைக் காம்போட வாங்கு, குலுக்கினா விதை சத்தம் கேக்கணும், கேக்கலேன்னா ஈரம். மல்லியும் மிளகாயும் மஞ்சளும் சேர்த்துச் சித்திரை வெயில்லயே காய வச்சு மில்லுல அரைச்சுக்கோ, மொத்தத்தையும் அரைக்காதே, மூணு மாசத்துக்கு மட்டும். முழுத்துவரை வேண்டாம், பிளாட்டுல செம்மண் கட்ட முடியாது, வண்டு வரும். உடைச்ச பருப்பா ஆறு மாசத்துக்கு வாங்கு. அரிசியை மொத்தமா வாங்கிப் படுக்கையறையில அடுக்காதே, அதுல மிச்சமாகறதை விட வண்டு பொறுக்கற நேரம் ஜாஸ்தி. உப்பு எந்த மாசம் வேணா வாங்கு.

"மொத்தமா வாங்க அந்த மாசம் காசு இடிக்குமே மாமா"ன்னா. மார்ச் மாசம் வருமான வரி பிடிச்சுச் சம்பளமே பாதிதான் வருமாம். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு. கிஸ்தித் தவணை மாதிரியே இருக்கேன்னு எனக்குத் தோணுச்சு, சொல்லல.

அவகிட்ட இன்னொண்ணு சொன்னேன். டவுன்ல பலகாரச் சீட்டு, தீபாவளிச் சீட்டுன்னு போடறீங்கல்ல. வருசம் பூரா வாராவாரம் கட்டி, எண்ணெயும் மளிகையும் விலை ஏறி நிக்கிற ஐப்பசியில மொத்தமா வாங்கறது. சீட்டு நடத்தறவர் ஓடாம இருந்தாலே பெரிய விஷயம், அது தனி. எங்க ஊர்ப் பொம்பளைங்க குழுவுல அஞ்சு வருசமா வேற மாதிரி பண்றாங்க. சித்திரையில ஆரம்பிச்சு வாரம் 50 ரூபாய், மாசியில முடியும். பங்குனியில குழுவே புளி, மிளகாய், மல்லி, பருப்பை மொத்தமா எடுத்துப் பிரிச்சுக்குது. பஞ்சாயத்துக் கட்டடத்துல ஒரு அறையில தகர டிரம்மு வரிசையா வச்சு, பேர் எழுதி ஒட்டியிருக்காங்க, வீட்டுல இடமில்லாதவங்க அங்க வச்சு எடுத்துக்கலாம். சாவி வச்சிருக்கிறது அட்டாலியில பானை வச்சாங்களே, அந்த அம்மாவோட மருமக. போன பங்குனியில என்கிட்ட இருந்து எட்டு மூட்டை துவரை எடுத்தாங்க. களத்து விலைக்கு மேல கிலோவுக்கு ரெண்டு ரூபாய் சேர்த்துக் கேட்டேன். "ஏனுங்க, அது வேண்டாமுங்க, ஒரு ரூபாய்"னு முடிச்சுட்டாங்க. எடை போடறப்போ அவங்க தராசைத்தான் கொண்டுவந்தாங்க.

குழியை என்ன பண்றதுன்னு ரெண்டு வாரம் யோசிச்சோம். பையன் போட்டோ எடுத்தான், வீடியோ எடுத்தான், அப்படியே வச்சுக்கலாம்னான். ஆனா அடுத்த மூட்டை வண்டி அதே வழியாத்தான் வந்தாகணும், வாசல்ல பேரப்பிள்ளைங்க ஓடுது. ஒரு நாள் திறந்து போட்டு, விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்துட்டு நானே ஏணி வச்சு உள்ள இறங்கினேன். சுவத்துப் பூச்சு இன்னும் கெட்டியா இருந்துச்சு. அடியில தட்டு மக்கி மண்ணாகியிருந்துச்சு, அதுல ஒரு கைப்பிடி கருத்த சோளம். மோந்து பார்த்தேன், மண் வாசம்தான். ரெண்டு டிரெய்லர் செம்மண் பிடிச்சுது குழி நிரம்ப.